கீழ்வயலில் வெள்ளை

ஏப்ரல் 22, செவ்வாய்

வெயில். மதியம் காற்று. தங்கச் சுரங்கக் கழிவைக் கொட்டிய சைனைட் மேட்டிலிருந்து தூசி கிளம்பி ஊரிகம் லைன் வீடுகள் வரை ஒரே மூட்டம். கொடியில் போட்ட வேட்டியை இரண்டாம் முறை அலசினேன்.

கீழ்வயலில் பீன்ஸ் இலை ஓரமெல்லாம் கருகல். பாத்தி ஓரம் வெள்ளைப் பூச்சு. எல்லாம் அந்த மேட்டுத் தூசி. மைன்ஸ் மூடி இத்தனை வருஷமாகியும் நம்மைச் சும்மா விடாது போல.

சாயங்காலம் ஸ்டெல்லாவுக்குப் போன். பேத்தியைப் பார்த்துக்கொள்ள பெங்களூரில் எங்கள் மகள் வீட்டுக்குப் போனவள். இரண்டு மாதம் என்றாள், வருஷம் ஆகப்போகிறது. ஈஸ்டருக்கும் வரவில்லை. வயலில் தூசி விழுந்ததைச் சொன்னேன். அந்த மண்ணில் குழந்தையை விளையாட விடுவதா என்றாள். நியாயம்தான். பீன்ஸ் பறிக்கும்போது வருவதாகச் சொல்லியிருந்தாள். அதை நம்பித்தான் நாள் ஓடியது.

வாங்க: அரிசி, பூண்டு, பல்பு, மோட்டாருக்கு வாஷர்.

ஏப்ரல் 24, வியாழன்

போர்வெல் தண்ணீர் மேல்வயல் தக்காளிக்கே பத்தவில்லை. கீழ்வயலுக்குக் குட்டைதான். பக்கத்துத் தோட்டத்து வெங்கடப்பா தக்காளிக்கு விட்டது வடிந்து என் மூலைக் குட்டையில் சேரும். மோட்டார் போட்டுக் கீழ்வயலுக்கு ஏற்றுகிறேன். அங்கிருந்து கசிவது மறுபடி குட்டைக்கு. மறுபடி மோட்டார். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் பம்ப் ஆளாக இருந்தபோதும் இதேதான். அடி லெவலில் தேங்கியதை மேலேற்று, பாறை துளைக்கும் டிரில்லுக்குக் கொடு, வடிந்து வந்ததை மறுபடி ஏற்று. ஒரு சொட்டு வீணாக்கியதில்லை.

வெங்கடப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். "இன்னா மைன்ஸ்காரரே, அதே தண்ணிய எத்தினி வாட்டி சுத்த வுடுவீங்க?"

உங்களுக்கு வேண்டாத தண்ணீர், எனக்குப் பயிர் என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். இன்று பேசிய ஒரே ஆள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்று நல்ல மழை. சர்ச்சிலிருந்து நேரே வயல். வெள்ளையைக் காணோம், சுத்தமாகக் கழுவிவிட்டது. சந்தோஷத்தில் ஸ்டெ.வுக்குப் போட்டோ. நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. பேத்தி போனை எடுத்து விளையாடியிருப்பாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

வெயில். காற்றே இல்லை. மேடு மழையில் இறுகிக் கிடக்கிறது, தூசி கிளம்ப வழியில்லை. ஆனால் கீழ்வயலில் மறுபடி வெள்ளை. வாசலில் இல்லை, பைக் சீட்டில் இல்லை, போர் தண்ணீர் பாயும் தக்காளியில் இல்லை. குட்டைத் தண்ணீர் போன இடத்தில் மட்டும்.

விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கரிப்பு. ஸ்டெ. இருந்திருந்தால் கையைத் தட்டிவிட்டு ஊரைக் கூட்டியிருப்பாள். தட்டிவிட ஆள் இல்லை.

உப்பு. மேலேயிருந்து விழவில்லை, மண்ணுக்குள்ளிருந்து ஏறியிருக்கிறது. வெங்கடப்பா தோட்டத்து உரமெல்லாம் கரைந்து வந்த தண்ணீர். நான் சுற்றிச் சுற்றி விட, செடியும் வெயிலும் தண்ணீரைக் குடிக்க, உப்பு மட்டும் தங்கிவிட்டது. பாறைக்கு எந்தத் தண்ணீரும் ஒன்றுதான். பீன்ஸுக்கு அப்படியா? பம்ப் ஆள் புத்தி. மடையன், மேட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பீன்ஸ் தேறாது. மழைக்காலம் முழுக்க பெய்யும் தண்ணீரைத் தேக்கிக் கழுவினால் மண் தேறலாம். வெங்கடப்பாவும் அதையே சொன்னார்.

இவ்வளவு நஷ்டத்திலும் உள்ளுக்குள் ஒரு குஷி. தூசி இல்லையென்றால் ஸ்டெ. வரலாமே.

ஏப்ரல் 30, புதன்

மேகம். காலையிலேயே போன். எல்லாம் சொன்னேன். என் முட்டாள்தனம்தான், வயலில் இருப்பது வெறும் உப்பு, குழந்தையைத் தைரியமாகக் கூட்டி வா என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பின்னால் குக்கர் விசில்.

"தூசிக்காக நான் வராம இல்லீங்க" என்றாள். "எனக்கு இங்க பழகிப்போச்சி. நீங்க வேணா இங்க வந்துடுங்க."

வயலைக் கழுவ வேண்டும் என்றேன். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மோட்டார் போடவில்லை. சோறும் இறங்கவில்லை. தூசி என்று நினைத்திருந்தவரை அவள் வராததற்கு ஒரு காரணமாவது இருந்தது.