உன் பேரில் போட்ட மார்க்

பாவா,

இன்று காலை கல்லூரிக்குக் கிளம்பி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ஃபோனில் உன் பேர் வந்தது. "பாவா அரக்கோணம்" என்று எப்போதோ நான் போட்டு வைத்தது. ஒரு விநாடி, சத்தியமாக ஒரே விநாடி, "என்னய்யா கிளம்பற நேரத்துல" என்று எரிச்சலோடு எடுக்கப் போனேன். அப்புறம்தான் நீ செத்துப்போனது ஞாபகத்துக்கு வந்தது.

உன் வீட்டிலிருந்து பேசியது அக்கா. கேஸ் புக் பண்ணுவது, பேங்க் மெசேஜ் எல்லாம் அந்த நம்பரில்தான் என்று உன் சிம்முக்கு விடாமல் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறார். "தம்பி, அந்தப் பொண்ணு விஷயம் என்ன ஆச்சு?" என்றார். "பார்த்துகினு இருக்கேங்க்கா" என்றேன். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு, லீவு சொல்லிவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நாம் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள் இல்லை. நீ அரக்கோணத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார், நான் திருத்தணியில் அதே கெமிஸ்ட்ரி வாத்தியார். பிராக்டிகல் பரீட்சைக்கு வெளிக் கல்லூரியிலிருந்து ஒருத்தர் வந்து எங்கள் பிள்ளைகள் செய்வதைப் பார்த்து மார்க் போட வேண்டும் என்பது யூனிவர்சிட்டி சட்டம். அந்த எக்ஸ்டர்னலாகத்தான் நீ முதல் தடவை எங்கள் லேபுக்குள் நுழைந்தாய். உண்மையைச் சொல்லட்டுமா, அன்றைக்கு உன்னை எனக்குப் பிடிக்கவே இல்லை. எக்ஸ்டர்னல் என்றால் பதினோரு மணிக்கு வருவார், காபி குடிப்பார், பிரியாணி சாப்பிடுவார், நாங்கள் பென்சிலில் எழுதிக் கொடுக்கிற மார்க்கின் மேல் பேனாவை ஓட்டிவிட்டு டிரெயின் ஏறுவார். அப்படித்தான் எல்லாரும் வந்துபோனார்கள். நீயோ லேப் திறக்கும் முன்னாலேயே வாசலில் நின்றாய். நான் முந்தின நாள் கலந்து வைத்த கரைசலையெல்லாம் ஊற்றிவிட்டு, நீயே புதிதாகக் கலந்தாய். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினால் தப்பாகப் போகிற மாதிரி ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு அளவில்.

"என்னை நம்பலையா சார்?" என்று கேட்டேன்.

"உங்கள நம்பறேங்க. பரீட்சையத்தான் நம்பல" என்றாய்.

பிரியாணியும் தொடவில்லை. பையிலிருந்து எலுமிச்சம்பழ சாதத்தை எடுத்தாய். "உங்க சோத்த தின்னுட்டு உங்க பிள்ளைக்கு எப்படிங்க ஃபெயில் போடறது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அன்று சாயங்காலம் உன்னை ஸ்டேஷன் வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் விட்டேன், சீக்கிரம் போய்த் தொலையட்டும் என்றுதான். டிரெயின் லேட். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். அடுத்த டிரெயினையும் விட்டாய். எழுந்திருக்கும்போது, நம் பக்கத்தில் அக்கா புருஷனைக் கூப்பிடுகிற மாதிரி, நீ எனக்கு பாவா ஆகியிருந்தாய், அதனால் உன் மனைவி எனக்கு அக்கா.

உன்னைப் பொல்லாதவன் என்று நம் வட்டாரத்துக் கல்லூரிகளில் பேசிக்கொண்டார்கள். நீ என் பிள்ளைகளுக்குப் போடு, நான் உன் பிள்ளைகளுக்குப் போடுகிறேன் என்று ஓடிக்கொண்டிருந்த ஊரில் நீ ஒருத்தன் குறுக்கே நின்றாய், சும்மா விடுவார்களா. எக்ஸ்டர்னலாக யார் வரலாம் என்று என்னைப் போன்ற டிபார்ட்மெண்ட் தலைவர்கள் மூன்று பேரை ஒரு பேனலாக எழுதி அனுப்புவோம், அதில் ஒருவருக்கு யூனிவர்சிட்டி ஆர்டர் போடும். ஒவ்வொருத்தராக உன் பேரை எழுதுவதை விட்டார்கள். என் பேனலில் மட்டும் முதல் பேர் நீதான்.

அவர்கள் ஒன்றைப் பார்க்கவில்லை. தப்பாகச் செய்த பிள்ளையை நீ ஒருநாளும் அப்படியே விட்டுவிட்டுப் போனதில்லை. "போய் மூஞ்சி கழுவிகினு வா. மறுபடி செய். எனக்கு கடைசி டிரெயின் வரைக்கும் வேலை இல்ல" என்பாய். மற்ற பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, அழுது வீங்கிய முகத்தோடு ஒரு பையன் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருப்பான், நீ ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். ஒரு வார்த்தை சொல்லித்தர மாட்டாய், ஆனால் எழுந்தும் போக மாட்டாய். "நாளைக்கு இதுங்கதான்யா நாம முழுங்கற மாத்திரைய டெஸ்ட் பண்ணப் போவுது. பார்க்காம மார்க் போட்டா நமக்கே ஆபத்து" என்று ஒருமுறை சொன்னாய். உன் கையால் ஃபெயில் ஆன பிள்ளை எங்கள் கல்லூரியில் எனக்குத் தெரிந்து யாருமில்லை. லேபைப் பூட்ட நேரமானதுதான் மிச்சம்.

இந்த வருஷப் பேனல் அனுப்ப வேண்டிய சமயத்தில் நீ சென்னையில் ஆஸ்பத்திரியில் இருந்தாய். பார்க்க வந்தேன். பாதி ஆளாகத்தான் படுக்கையில் கிடந்தாய். டாக்டர் சொன்னதை அக்கா வெளியே வராந்தாவில் என்னிடம் சொல்லி முடித்திருந்தார். உள்ளே வந்தால் நீ கேட்கிறாய்: "பேனல் அனுப்பிட்டியாய்யா? என் பேரை எடுத்துடாத. அதுக்குள்ள எழுந்து வந்துடுவேன்."

எப்படி எடுப்பேன், சொல்லு. எடுத்தால், நீ பிழைக்க மாட்டாய் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. முதல் பேராகவே போட்டு அனுப்பினேன். அனுப்பியதைக் கைபேசியில் உனக்குக் காட்டவும் காட்டினேன். தலையை ஆட்டினாய். பத்துப் பதினைந்து நாளில் உன்னை அரக்கோணத்துக்குக் கொண்டுவந்து விட்டோம், எப்படிக் கொண்டுவந்தோம் என்பது உனக்குத் தெரியாது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஆர்டர் வந்தது. எங்கள் கல்லூரிக்கு எக்ஸ்டர்னல், நீ.

யூனிவர்சிட்டிக்கு எழுதினேன், பதில் இல்லை. ஃபோன் செய்தேன். அந்தப் பக்கம் பேசியவர் தன்மையான மனுஷன், அதுதான் இன்னும் கஷ்டம். "ஆர்டர் போட்டாச்சுங்க சார். மாத்தணும்னா ஃபைல் மேல போய்ட்டு வரணும். அதுக்குள்ள உங்க தேதி போயிடும். பசங்க எல்லாருக்கும் ரிசல்ட்ட நிறுத்தி வெச்சிடுவாங்க."

"ஆளே இல்லைங்க. செத்துட்டாரு."

"புரியுது சார்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அவரு நம்பர் வேலை செய்யுதா?" என்றார். செய்கிறது என்றேன். "அப்ப ஒண்ணும் கவலப்படாதீங்க. மார்க் ஏத்தும்போது அந்த நம்பருக்கு ஒரு ஓடிபி வரும். அத வாங்கி அடிச்சிட்டீங்கன்னா முடிஞ்சிது."

பிரின்சிபாலிடம் போனேன். "பசங்க வாழ்க்கைய பாருங்க சார்" என்று அவரும் சொன்னார். வேலைக்கும் மேல்படிப்புக்கும் ரிசல்ட்டை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள். கனகம்மாசத்திரம் பக்கத்திலிருந்து வருகிற கௌரி என்ற பெண்ணுக்கு ஒரு மாத்திரைக் கம்பெனி லேபில் வேலை சொல்லியாகிவிட்டது. அப்பா, அம்மா இரண்டு பேரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். பாஸ் என்று ரிசல்ட் காட்டினால் சேர்ந்துகொள்ளலாம். வேறு வழி என்னவென்று எனக்குத் தெரியவில்லை பாவா.

அக்காவிடம் கேட்டேன். பரீட்சை அன்றைக்கு ஒரு நம்பர் வரும், அதை ஃபோனில் படித்துச் சொன்னால் போதும் என்றேன். "அவரு பேருல பரீட்சை, ஃபோன் மட்டும் வீட்ல கெடந்தா நல்லாவா இருக்கும்? நானே எடுத்துகினு வரேன் தம்பி" என்றார்.

அன்றைக்குக் கிருத்திகை வேறு. காவடி எடுத்தவர்களும் மொட்டை போட்டவர்களுமாக டிரெயினில் நிற்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில் நெருக்கியடித்து, உன் ஃபோனைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு அக்கா லேபுக்கு வந்து சேர்ந்தார். எக்ஸ்டர்னல் நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தார். பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? எல்லாரும் வரிசையாக "குட் மார்னிங் மேம்" என்றார்கள். அக்கா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மத்தியானம் வழக்கம்போல் எக்ஸ்டர்னலுக்கென்று சாப்பாடு வந்தது. "இன்னைக்குக் கிருத்திகை, நான் சாப்பிட மாட்டேன்" என்று தள்ளி வைத்துவிட்டார். அதைப் பார்த்து யாரோ ஒரு பிள்ளை, "ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு போலடா" என்று கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது.

பரீட்சையை ஒழுங்காகத்தான் நடத்தினேன். நீ செய்கிற மாதிரியே காலையில் போய்க் கரைசல் கலந்தேன். ஒவ்வொருத்தருக்கும் வேறு வேறு. ஒவ்வொருத்தர் பியூரெட் குழாயின் அளவையும் குனிந்து பார்த்தேன். எல்லாரும் ஓரளவு சரியாக முடித்தார்கள், கௌரி ஒருத்தியைத் தவிர. கிருத்திகைக் கூட்டத்தில் பஸ் மாட்டிக்கொண்டு, மூச்சிரைக்க ஓடிவந்தவள் அவள். ஃப்ளாஸ்கில் வெளிர் ரோஜா நிறம் லேசாகத் தெரிந்ததுமே குழாயை மூட வேண்டும், அவள் மூடுவதற்குள் ஊதாவாகக் கருத்துப்போனது. விடை எங்கேயோ போய்விட்டது. பாஸ் மார்க் வராது.

நீ சொல்வதையே சொன்னேன். மூஞ்சி கழுவிக்கொண்டு வா, மறுபடி செய்.

ஆனால் உனக்கு இருந்தது கடைசி டிரெயின். எனக்கு இருந்தது ஐந்து மணி. ஐந்து அடித்தால் மார்க் ஏற்றுகிற வெப்சைட் தானாக மூடிக்கொள்ளும், ஒருத்தர் மார்க் விட்டுப்போனாலும் மொத்தக் கூட்டமும் நின்றுபோகும். அவள் முதலிலிருந்து தொடங்கி, எல்லாவற்றையும் கழுவி, பியூரெட்டை நிரப்பிக்கொண்டிருக்கிறாள். ஐந்துக்குச் சில நிமிஷமே இருக்க, நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மற்ற எல்லாருடைய மார்க்கையும் ஏற்றிவிட்டேன். கௌரி பேருக்கு எதிரில் பாஸ் மார்க் போட்டேன். பட்டனைத் தட்டினேன். அக்கா மடியில் உன் ஃபோன் கிணுகிணுத்தது.

"நம்பரு வந்திருக்குது தம்பி" என்றவர், படிக்காமல் கௌரியைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு இன்னும் செஞ்சிகினு இருக்குதே?"

"ஆங். நேரமில்லக்கா."

"அப்ப அதுக்கு எப்படி மார்க்கு போட்டே?"

அக்கா அதட்டவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. "அவரு பேருலதானே போவுது?" என்று மட்டும் கேட்டார்.

என்னால் முடியவில்லை பாவா. திரையில் முந்தின பக்கத்துக்குப் போய் அவள் மார்க்கை அழித்தேன். முதல் தடவை செய்ததற்கு என்ன வருமோ அதைப் போட்டேன். நான் கண்ணால் பார்த்தது அது ஒன்றுதான். அக்கா புதிதாக வந்த நம்பரைப் படித்தார், அடித்தேன். வெப்சைட் மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் கௌரி முகம் மலர ஓடிவந்தாள். நேராக அக்காவிடம். "மேம், முடிச்சிட்டேன் மேம். வந்து பாக்கறீங்களா?" அக்கா எழுந்து போனார். நீ குனிகிற மாதிரி குனிந்து, பியூரெட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து, அதில் என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாமல் பார்த்தார். ஃப்ளாஸ்கில் அந்த வெளிர் ரோஜா அப்படியே நின்றது. "சரியா இருக்குதா தம்பி?" என்று கேட்டார்.

"சரியா இருக்குதுக்கா" என்றேன். அத்தனை சரியாக அன்றைக்கு வேறு யாரும் செய்யவில்லை.

மறுநாளே யூனிவர்சிட்டிக்கு எழுதினேன். இந்தத் தடவை பதில் உடனே வந்தது. ஏற்றிய மார்க்கைத் திருத்த, சம்பந்தப்பட்ட எக்ஸ்டர்னல் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அவர் இறந்துவிட்டார் என்று இனி நான் எந்த வாயால் சொல்வது? அப்படியானால் அன்றைக்கு மார்க்கை ஒப்புக்கொண்டது யார் என்பார்கள். அத்தனை பிள்ளைகளின் பரீட்சையும் செல்லாமல் போகும். அவர்கள் கணக்குப்படி அன்று நீ வந்திருந்தாய், பார்த்தாய், கௌரிக்கு ஃபெயில் போட்டாய். ஒரு பிள்ளைக்கும் போடாத ஃபெயிலை உன் பேரில் நான் போட்டு வைத்திருக்கிறேன். வேறு யாரும் கேட்டால் விதி என்று சொல்லி நகர்ந்துவிடுவேன், உன்னிடம் அது முடியவில்லை.

நேற்று கௌரி அவள் அம்மாவோடு வந்தாள். கம்பெனியில் இந்த மாசக் கடைசி வரைக்கும் பொறுப்பார்களாம். ஆபீஸில் விசாரித்திருக்கிறாள் போல. அழவில்லை, தெளிவாகத்தான் பேசினாள்.

"எக்ஸ்டர்னல் கையெழுத்து ஒண்ணு போதுமாமே சார். அந்த மேம் நல்லவங்க, நான் சரியா முடிச்சத அவங்களே குனிஞ்சு பார்த்தாங்க. எந்த காலேஜ் சார் அவங்க? எங்க இருக்காங்கன்னு சொல்லுங்க, நானும் அம்மாவும் போய் கேட்டுக்கறோம்."

நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். இன்று லீவு போட்டுவிட்டு அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் அவள் வந்து நிற்பாள். நீ எங்கே இருக்கிறாய் என்று அவளுக்கு என்ன சொல்லட்டும் பாவா?