மேசைக்குக் கீழே ஒரு வாளி

தாழ்வுபாடு,
14.10.2012

சோபனா மச்சாளுக்கு,

நீ என் வைனைத் துப்பினாய். ஊர்ச் சனம் முழுக்கப் பார்த்திருக்க, நடுவர் கதிரையில் இருந்துகொண்டு, மேசைக்குக் கீழே வைத்திருந்த வாளிக்குள் துப்பினாய். போன் எடுத்தால் கத்திப்போடுவேன். அதுதான் எழுதுகிறேன்.

'மீள்குடியேறிய பெண்களின் வீட்டு வைன் போட்டி' என்று பதாகை கட்டினார்கள். முதல் பரிசு ஒரு ஹோட்டல்காரருக்கு. அந்த மனிசன் எப்ப பெண்ணானவர், எந்த முகாமில் வரிசையில் நின்றவர்? எனக்கு ஆறுதல் பரிசு ஒரு பிளாஸ்டிக் வாளி. "சோபனா துப்பினது இதுக்குள்ளயோ, மக்டலின்?" என்று பக்கத்து வீட்டுப் பாலம்மா அக்கா கேட்டுச் சிரிக்கிறா.

கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் நீயும் நானும் ரோட்டோர மரத்தடியில் நாவற்பழம் பொறுக்கி, ஊறுகாய்ச் சாடியில் சீனி போட்டு மூடி வைப்போமே, அதே வைன்தான் இது. நத்தார் இரவு பாலன் பிறப்புப் பூசை முடிந்து வந்து போத்தல் மூடியால் அளந்து குடிப்போம். நாக்கு ஊதா நிறமாகிவிடும். அன்றைக்கு ஒரு சொட்டு நிலத்தில் சிந்தினாலும் என்னை அடிக்க வருவாய்.

நல்லா இரு.
மக்டலின்

*

கொழும்பு,
02.11.2012

அன்பு மக்டலினுக்கு,

கோபம் ஆறியிருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். பிள்ளைகள் சுகமா? உன் அவர் தொழிலுக்குப் போகிறாரா?

எல்லாருடைய போத்தலையும் துப்பினோமடி, அந்த ஹோட்டல்காரருடையதையும்தான். விழுங்கிக்கொண்டே போனால் பாதியிலேயே வெறித்துவிடும், பிறகு என்னத்தை ருசி பார்ப்பது? உன் போத்தலில் எண் மட்டும்தான் இருந்தது. ஆனால் வாயில் வைத்ததும் அடுப்புப் புகை மணத்தது. எங்கள் கொட்டில், அந்தச் சாடி, எல்லாம் வந்துவிட்டன. விழுங்கிவிட்டேன். அன்று நான் விழுங்கியது அது ஒன்றைத்தான். நீ பார்த்தது இரண்டாவது மிடறை.

ஆருடையது என்று தெரிந்தால் புள்ளி போடக்கூடாது. "தெரிஞ்ச ஆள் ஒராளின்ரை வைன்" என்று தலைவரிடம் சொல்லி விலகினேன். மற்ற இரு நடுவர்களும் புகைக்காகப் புள்ளியைக் குறைத்தார்கள். வைனில் புகை மணப்பது குறைதான், மக்டலின். முகாமில் இடமில்லாமல் சாடியை அடுப்படியில் வைத்தோம். இப்போது உனக்கு வீட்டுத்திட்டத்தில் தனி அறை இருக்கிறதே, ஏன் அங்கே வைக்கவில்லை? புகை இல்லாவிட்டால் பரிசு உனக்குத்தான்.

அன்புடன்,
சோபனா

*

தாழ்வுபாடு,
20.11.2012

சோபனா,

வேண்டுமென்றுதான் அடுப்படியில் வைத்தேன். நீ நடுவராக வருகிறாய் என்று ஆடி மாதமே சொல்லிவிட்டார்கள். போத்தலில் எண் ஒட்டி என் பெயரை மறைத்தாலும் நீ என்னைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்தேன். கண்டுபிடித்தாய். கண்டுபிடித்துவிட்டு, "தெரிஞ்ச ஆள்" என்றாய்.

ஒரே பாயில் படுத்தோம். உனக்கு அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளமாய்க் கிடந்தபோது தலையைத் தாங்கிப் பிடித்துக் கஞ்சி பருக்கியவள் நான். தெரிந்த ஆளா? நாங்கள் ஊர் திரும்பி மூன்று வருடம். என் வீட்டு வாசலை நீ இன்னும் மிதிக்கவில்லை. போட்டியன்று மன்னார் வரைக்கும் வந்தாய், மேடையில் நின்று கைகாட்டினாய், வாகனத்தில் ஏறினாய். கந்தோரில் உன்னோடு வேலை செய்யும் சனத்துக்கு முன்னால் முகாமில் வளர்ந்தவள் என்று சொல்ல வெட்கமா?

பரிசை அந்த ஹோட்டல்காரரே வைத்திருக்கட்டும். ஒரு போத்தல் மிச்சம் இருக்கிறது. நத்தாருக்கு வா.

மக்டலின்

*

தாழ்வுபாடு,
09.01.2013

மச்சாள்,

நத்தார் போய்விட்டது. பூசை முடிந்து வந்து உனக்கும் சேர்த்துப் பாய் விரித்தேன். "உன்ரை நடுவர் அம்மா வரேல்லையோ?" என்று பாலம்மா அக்கா கேட்டா. இந்த முறை சிரிக்கவில்லை.

போத்தலை இன்னும் திறக்கவில்லை. பரிசு வாளியில் அடியில் ஓட்டை போட்டுக் கறிவேப்பிலை நட்டிருக்கிறேன். துளிர்த்துவிட்டது. அதனால் இந்த வீட்டில் துப்புவதற்கு வாளி இல்லை.

கடிதம் கிடைக்கவில்லை என்று சொல்லாதே. வந்து குடி. குடித்துவிட்டு, நான் உனக்கு ஆர் என்று உன் வாயால் சொல்.

மக்டலின்