மஞ்சள் விளக்கை நான் அணைத்த நாள்

அன்புள்ள சம்பந்தி,

இன்று காலை தெப்ராவில் பிள்ளைகளின் வீட்டு வாசலில் உங்கள் மகளின் காரில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. "மாமா, டயர் வெளக்கு எரியுது. இத எப்படி ரீசெட் பண்றது?" என்று கேட்டுக்கொண்டே அவள் விரல் பொத்தானைத் தேடியது. என் வயதுக்குத் தகாத வேகத்தில் அவள் கையைத் தடுத்துவிட்டேன். ஒரு விளக்குக்குப் போய் இப்படிப் பயப்படுகிறீர்களே என்று அவள் சிரித்தாள்.

எண்ணெய் நிலையத்தில் நான்கு சக்கரங்களையும் அளந்தோம். ஒன்றில் காற்றுக் குறைந்திருந்தது. ஆணி உண்டா என்று தடவிப் பார்த்து, நிரப்பி, அதன் பிறகே விளக்கு மூன்று முறை சிமிட்டும்வரை பொத்தானை அழுத்தச் சொன்னேன். அழுத்தும் கணத்தில் உள்ள காற்றையே வண்டி சரியான அளவென்று ஏற்றுக்கொள்ளும். குறையோடு அழுத்தினால் அந்தக் குறையே அதற்கு நிறைவு. இதை நான் உங்களிடம் அறிந்தது, சிம்பாங் ரெங்கம் தாண்டிய நெடுஞ்சாலை ஓரத்தில்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், அன்று பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் மகளுக்கு இதய அறுவைச் சிகிச்சை. அப்பா வந்து திருநீறு பூசினால்தான் உள்ளே போவேன் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தாள். குளுவாங்கில் உங்களை ஏற்றி ஜொகூர் பாருவில் சேர்ப்பது என் பொறுப்பு. சாஆ ஊரில் என் வீட்டிலிருந்து வண்டியை எடுத்தபோதே விளக்கு எரிந்தது. அவளுக்காகத் தொடங்கிய பதிகத்தைப் பாதியில் நிறுத்துவது பிழையென்று முழுவதும் ஓதி முடித்ததால் ஏற்கெனவே பிந்தியிருந்தேன். காற்றுப் பார்க்கப் பொழுதில்லை. பொத்தானை அழுத்தினேன், விளக்கு அணைந்தது. திருவருள் என்றே எண்ணிக்கொண்டேன்.

திருநீற்றுப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நீங்கள் ஏறினீர்கள். நெடுஞ்சாலையில் மழை பிடித்தது. விளக்கு மீண்டும் எரிந்தது. பொத்தானுக்குப் போன என் மணிக்கட்டை, முப்பதாண்டு லாரி ஓட்டிய உங்கள் கை பற்றியது.

"இதுக்கு முன்னாடி அமுக்கினீங்களா?"

காலையில் ஒருமுறை என்றேன்.

"என்ன லா சம்பந்தி. அவ்வளோ பாட்டுக்கு உரை சொல்றீங்க, இந்த ஒரு வெளக்குக்கு உரை தெரியலையா? ஓரங்கட்டுங்க."

இடப் பின்சக்கரம் நசுங்கிக் கிடந்தது. லாரிகள் நீரை வாரி இறைத்துக் கடக்க, நீங்கள் சேற்றில் மண்டியிட்டு ஜாக்கியைப் பொருத்தினீர்கள். நான் பிடித்த குடை உங்கள் மேல் நிற்கவில்லை. திருகுகளில் ஒன்று கழல மறுத்தது. மணி இரண்டைத் தாண்டியது. நீங்கள் ஸ்பேனர்மேல் ஏறி நின்று மிதித்தீர்கள், பிறகு மூச்சு வாங்க நின்றீர்கள், மீண்டும் மிதித்தீர்கள்.

நாம் போய்ச் சேர்ந்தபோது மூன்றேகால். அறுவை அறையின் கதவு மூடியிருந்தது. கடைசிவரை இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு போனாள் என்றான் என் மகன். ஏன் இவ்வளவு தாமதம் என்று அவன் கேட்க, நான் வாய் திறக்குமுன் நீங்கள் சொல்லிவிட்டீர்கள்: ஆணி ஏறிவிட்டது, மழை வேறு. மேடைதோறும் வாய்மையை விரித்துரைத்த நான் அந்தப் பாதி உண்மைக்குள் ஒதுங்கிக்கொண்டேன்.

ஐந்து மணி நேரம். உங்கள் விரல்களில் கரிய பிசுக்கு. பொட்டலம் நனைந்து குழைந்திருந்தது. ஓதி ஓதித் தழும்பேறிய என் நாவில் ஒரு வரியும் எழவில்லை. நீங்கள் என்னைப் பாராமல், கதவைப் பார்த்தபடியே பேசினீர்கள்.

"பாப்பா நல்லபடியா வந்துட்டா, இத நாம பேசவே வேணாம். வரலேன்னா..."

நனைந்த பொட்டலத்தை மீண்டும் சட்டைப்பைக்குள் வைத்தீர்கள்.

அவள் வந்தாள். மறுநாள் கண் விழித்தவளுக்கு நீங்களே திருநீறு பூசினீர்கள். ஆறு ஆண்டுகள், ஒவ்வொரு தீபாவளிக்கும் எதிரெதிரே அமர்ந்து உண்டபோதும், ஒரு சாடைகூடக் காட்டவில்லை. சென்ற மாதம் உங்கள் கருமாதியன்று, "அப்பா உங்கள யாருகிட்டயும் விட்டுக் கொடுத்ததே இல்ல மாமா" என்றாள் அவள்.

வைகறையில் ஓதி முடித்துக் கைகூப்பும்போதெல்லாம், நீங்கள் முடிக்காமல் விட்ட அந்த வாக்கியம் வந்து முன்னே நிற்கிறது. அதை நானே முடித்துப் பார்க்கிறேன், சம்பந்தி. எப்படி முடித்தாலும் அது நியாயமாகவே இருக்கிறது.