கோடு போட்டு அடித்த ஒன்பதாவது வரி

அன்புள்ள மூட்டைக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தீவிலிருந்து நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம், உடம்புக்கு ஒன்றுமில்லை, மூக்கும் காதும் மட்டும் வெயிலில் தோலுரிந்து இரண்டு பேரும் உரித்த கிழங்கு மாதிரி இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை நீதான் எழுதவேண்டும், போனில் நீ சொல்லும் "இருக்கேன்மா"வை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. முப்பத்திரண்டு வயதில் என்ன இன்னும் மூட்டை என்று கோபித்துக்கொள்ளாதே. ஆஸ்பத்திரித் துணிப் பிரிவில் விரிப்பு மூட்டைகளுக்கு நடுவே உன்னைப் படுக்கவைத்துவிட்டு நான் துணி மடித்த காலத்தில் விழுந்த பெயர், அதை இனிமேல் யார் மாற்றுவது. போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு, நான் முக்கியமான இடத்துக்கு வரும்போதுதான் உனக்கு மீட்டிங் வரும். உறைக்குள் இன்னொரு தாளும் வைத்திருக்கிறேன். இதை முழுக்கப் படித்துவிட்டு அதைப் பிரி.

இரண்டு மாதத்துக்கு முன்னால் உன் பெண்டாட்டியைப் பற்றி நீ என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா. என்னைக் கேட்காமலே தீவுக்கு டிக்கெட், ஓட்டல் எல்லாம் போட்டுவிட்டாள், வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, லீவு கிடைக்காது என்றால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறாள், அவளுக்கு ஊர் சுற்றுவதுதான் பெரிதாக இருக்கிறது என்றாய். அதற்குப் பிறகு வார்த்தை வளர்ந்து அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். வீணாகப் போகவேண்டாமே என்று நீ பெயரை எங்கள் பெயருக்கு மாற்றி, எல்லாக் காகிதத்தையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு அனுப்பிவைத்தாய். மருமகள் கோபித்துக்கொண்டு விட்டுப்போன பயணத்துக்கு நான் போவதா என்று முதலில் எனக்கு மனசே இல்லை. அப்பாதான் முப்பத்தாறு வருஷத்தில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து போனது உன் பள்ளிக்கூட மீட்டிங்குக்கு மட்டும்தான் என்று சொல்லிச் சம்மதிக்கவைத்தார்.

ஓட்டலில் போனவுடனேயே நான் மானத்தை வாங்கிவிட்டேன். அறைக்குள் நுழைந்தால் படுக்கை முழுக்கப் பூ இதழ் கொட்டிக் கிடக்கிறது. ஜன்னலைத் திறந்துபோட்டு வைத்திருக்கிறார்கள், காற்றில் மரத்திலிருந்து உதிர்ந்து வந்துவிட்டது என்று நினைத்து, விரிப்பை அப்படியே சுருட்டி வராந்தாவில் கொண்டுபோய் உதறிவிட்டேன். அதோடு விட்டேனா, படுக்கையின் கால்மாட்டில் இரண்டு டவலைக் கழுத்தைத் திருகி வைத்திருந்தார்கள், ஈரத்தோடு யாரோ அவசரத்தில் சுருட்டி எறிந்தது என்று பிரித்து, நம் துணிப் பிரிவில் மடிப்பது போல விளிம்பு உள்ளே போக மூன்றாக மடித்து அலமாரியில் அடுக்கிவிட்டேன். மறுநாள் அறை சுத்தம் செய்ய வந்த பெண் முகம் வாடிப்போய், "அன்னம் உங்களுக்குப் பிடிக்கலையாம்மா"ன்னு கேட்டபோதுதான் அது அன்னமாம், இதழெல்லாம் இதய வடிவத்தில் அலங்காரமாம் என்று தெரிந்தது. அப்பா வாத்து என்றே சாதித்தார். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டு, என் வேலையைச் சொன்னேன். அவளும் விடுவதாக இல்லை, அன்றிலிருந்து தினம் ஒரு பிராணி, யானை, முயல், கடைசி நாள் ஒரு குரங்கை விளக்கிலேயே தொங்கவிட்டிருந்தாள். பதிலுக்கு நான் மூலையில் ரப்பர் வைத்த விரிப்பைச் சுருக்கமில்லாமல் மடிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

ஆனால் விஷயம் அதில்லை. முதல் நாள் சாயங்காலம் ஓட்டல்காரர்கள் ஒரு கேக்கைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்து கைதட்டினார்கள். அதன் மேல் மூன்று என்று எழுதியிருந்தது. அப்பா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "பக்கத்துல ஆறு போட மறந்துட்டாங்க"ன்னு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயரை மாற்றினாய், புக் பண்ணும்போது அவள் கேட்டுவைத்திருந்ததை யாரும் மாற்றவில்லை. தேதியை விரல் விட்டுப் பார்த்தேன். அன்று உங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். நீ அந்தத் தேதியைப் பார்க்காமலே எங்களுக்குக் கொடுத்திருக்கிறாய், நானும் பார்க்காமலே வாங்கிக்கொண்டு வந்து அவள் கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்காமல் போட்டாள் என்றாயே, கேட்டுவிட்டுப் போட்டால் அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது சொல்லு.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக் கூப்பனைத் தேடி அப்பா உன் ஃபைலைக் கவிழ்த்தபோது கடைசிக் காகிதத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தாள் விழுந்தது. அதைத்தான் இதோடு அனுப்பியிருக்கிறேன். நீ அதைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் எங்களுக்கு அனுப்பியிருக்கமாட்டாய். தீவில் என்னென்ன பார்க்கவேண்டும், என்னென்ன செய்யவேண்டும் என்று அவள் கையால் எழுதிய பட்டியல். அடுத்தவர் காகிதத்தைப் படிப்பது தப்புதான். ஊர் தெரியாத இடத்தில் எங்கே போவது என்று எங்களுக்கும் தெரியவில்லை, அதனால் படித்தோம், அதன்படியே மீதி ஐந்து நாளும் சுற்றினோம்.

முதலில் அடியில் கண்ணாடி வைத்த படகு. பக்கத்தில் அவள் எழுதியிருப்பது, சட்டை நனையாமல் மீன் பார்க்கலாம், அவருக்கு இது சரிப்படும், ஏறுவதற்கு அரை மணி முன்னால் குமட்டல் மாத்திரை. நாங்களும் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறினோம். நீலத்திலும் மஞ்சளிலும் மீன்கள் பவளப்பாறைக்குள் நுழைந்து நுழைந்து வருகின்றன, எல்லோரும் கத்துகிறார்கள், உன் அப்பா மட்டும் கண்ணாடியைச் சுற்றியிருந்த ஸ்குருவை எண்ணிக்கொண்டிருக்கிறார். லிஃப்ட் ரிப்பேர் பார்த்தே வாழ்ந்த மனுஷன், கால் வைத்த இடமெல்லாம் கழன்று விழப்போவதாகவே அவருக்குத் தோன்றும். இரண்டு ஸ்குரு தளர்ந்திருக்கிறது என்று படகோட்டியிடம் சொல்லி, கரைக்கு வந்ததும் அவர் பெட்டியிலிருந்தே திருப்புளியை வாங்கி முடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார். மீன் எப்படி என்று கேட்டால், ஆமாம் இருந்தது என்கிறார். படகோட்டிக்கு மகிழ்ச்சி, எங்களை மறுநாள் அலையாத்திக் காட்டுக்குள் சின்னத் துடுப்புப் படகில் தானே கூட்டிப்போனார். அங்கே இரண்டு பக்கமும் வேர்கள் தண்ணீருக்குள் ஊன்றி நிற்கின்றன, தலைக்கு மேல் கிளைகள் கூடிக்கொள்கின்றன. அந்த வரிக்குப் பக்கத்தில், கொசு அவரை மட்டும்தான் கடிக்கும், களிம்பு எடுத்துவைக்கணும் என்றிருந்தது. அதுவும் உண்மைதானே, சின்ன வயதிலிருந்து உன்னைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டால் எனக்குக் கொசுவத்தியே தேவைப்பட்டதில்லை.

மூன்றாவதைப் படித்துத்தான் நான் உட்கார்ந்துவிட்டேன். முகத்தில் கண்ணாடி மாட்டி, வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் குப்புற மிதந்து மீன் பார்ப்பது. அதற்குப் பக்கத்தில், இடுப்பளவுக்கு மேல் வேண்டாம், நான் கையைப் பிடித்துக்கொள்வேன், ஒன்பது வயது விஷயம் என்று எழுதியிருக்கிறாள். பள்ளி நீச்சல் குளத்தில் உன்னை யாரோ தள்ளிவிட்டதையும், நீ மூச்சு முட்டி மேலே வந்ததையும், அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியதையும் இருபத்திமூன்று வருஷம் நான் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். என்னைத் தவிர உலகத்தில் இன்னொருத்தியிடம் நீ அதைச் சொல்லியிருக்கிறாய். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது, மறைக்கமாட்டேன். தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த அப்பா, "அது என்ன ஒன்பது வயசு விஷயம்"ன்னு கேட்டுவிட்டார், சொல்லவேண்டியதாகிவிட்டது, மன்னித்துக்கொள். ரொம்ப நேரம் செருப்பு வாரைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்துவிட்டு, "எங்கிட்டயும் சொல்லியிருக்கலாம்"ன்னு மட்டும் சொன்னார். அடுத்த முறை அவரோடு பேசும்போது நீயாகவே அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிடு.

நான் தண்ணீரில் இறங்கினேன், நம்பினால் நம்பு. அறுபத்தொரு வயதில், லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு இரண்டு பேர் பிடித்துக்கொள்ள முகத்தை உள்ளே விட்டேன். ஒரு மீன் என் மூக்குக்கு நேரே வந்து நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தது, சிரித்துவிட்டேன், ஒரு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. இருமி முடித்ததும் மறுபடியும் விடுங்கள் என்று நானே கேட்டேன். அருவிக்கும் போனோம், அவள் எழுதியிருந்தபடியே படி வழுக்கியது, ரப்பர் செருப்பு உதவியது. சூரியோதயம் பார்க்க எல்லோரும் கிழக்குக் கரைக்கு ஓடுகிறார்கள், இவள் பட்டியலில் மேற்குக் கரையில் அஸ்தமனம்தான், காலையில் அவர் தூங்கட்டும், ஆறு நாளாவது என்று காரணமும் எழுதியிருக்கிறாள். ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடும் இடம், சங்குக் காட்சிச்சாலை, அப்புறம் எட்டாவதாக ஒரு மத்தியானம் முழுக்க எதுவும் இல்லை, போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மரத்தடியில் ஊஞ்சல் படுக்கை. அப்பா அதில் ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் விழுந்தார்.

எட்டையும் படித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உன் வயிறு, உன் தோல், உன் தூக்கம், உன் பயம். ஊர் சுற்றுவதுதான் பெரிது என்று நீ சொன்னவள் தனக்காக ஒன்றைக்கூட எழுதவில்லை. இல்லை, ஒன்றே ஒன்று எழுதியிருக்கிறாள். ஒன்பதாவது வரியை மூன்று கோடு போட்டு அடித்திருக்கிறாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் படிக்கலாம். கலங்கரை விளக்கம், உச்சியில் நின்றால் தீவு முழுக்கத் தெரியுமாம், எனக்காக. அடித்ததற்குப் பக்கத்தில் சின்னதாக, அவருக்கு உயரம் என்றால் தலை சுற்றும், வேண்டாம்.

மூட்டை, இப்போது என் தப்பைச் சொல்கிறேன். அன்றைக்கு நீ போனில் குமுறியபோது, நான் உன்னைத் தேற்றுவதாக நினைத்து, வீட்டு நிலவரம் புரியாத பொண்ணு என்று ஒரு வார்த்தை விட்டேன். அதை நீ "அம்மாவே சொல்றாங்க"ன்னு அவளிடம் கொண்டுபோய்ப் போட்டாய். அவள் பெட்டியைக் கட்டியது அதற்குப் பிறகுதான். நாலாம் நாள் ஓட்டலிலிருந்தே அவளைக் கூப்பிட்டேன். எடுப்பாளோ மாட்டாளோ என்றிருந்தது, எடுத்தாள். அவள் பட்டியலின்படிதான் தீவைச் சுற்றுகிறோம் என்று சொல்லி, எதுவும் தெரியாமல் வாயை விட்டுவிட்டேன், மன்னித்துக்கொள் என்று கேட்டேன். அவள், "மாமாவுக்குப் படகுல குமட்டலையே அத்தை"ன்னு கேட்டாள். என்னென்ன பார்த்தோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள், மீன் கதைக்குச் சிரித்தாள். ஒன்பதாவதைப் பார்க்கவில்லை, நீ அடித்திருந்தாயே என்றேன். "அது சும்மா எழுதினது அத்தை"ன்னு சொன்னாள். சும்மா எழுதியதற்கு யாராவது மூன்று கோடு போடுவார்களா.

அவளுக்குக் கோபம் இருக்கிறது, இருக்கவேண்டியதுதான், நான் கேட்ட ஒரு மன்னிப்பில் அது தீர்ந்துவிடாது. உன் வேலைச் சுமையும் எனக்குத் தெரியும், நீ கெட்டவன் இல்லை, ஒரு காகிதத்தைத் திருப்பிப் பார்க்க நேரமில்லாதவன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் இனி வரமாட்டேன், ஒரு முறை வந்ததே போதும். தாளை மட்டும் அனுப்புகிறேன். பார்த்த எட்டுக்கும் நான் பென்சிலில் டிக் போட்டிருக்கிறேன், உனக்கு அழித்துக்கொள்ள வசதியாக. ஒன்பதாவதைத் தொடவில்லை. கடைசி நாள் அந்தக் கலங்கரை விளக்கத்தின் வாசல் வரை போனோம், அவளுக்கு முன்னால் நான் ஏறுவதா என்று கீழேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. அவள் வேலை முடிந்து வர ஆறரை ஆகிறதாம், ஏழு மணிக்கு மேல் கூப்பிடு, மெசேஜ் அனுப்பாதே, கூப்பிடு. எடுத்ததும் விளக்கம் சொல்ல ஆரம்பிக்காமல் சாப்பிட்டாயா என்று கேள். நீயும் அவளும் நல்லபடியாக நீண்ட நாள் சேர்ந்து இருக்கவேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

எத்தனை மூட்டை மடித்தாலும் உன்னை மட்டும் மடிக்கத் தெரியாத
உன் அம்மா

பின்குறிப்பு: அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு இதையும் எழுதச் சொல்கிறார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவர் மட்டும் கலங்கரை விளக்கத்துக்குள் போய் மூட்டுவலியோடு பாதி வரை ஏறிப் பார்த்துவிட்டு வந்தாராம், என்னிடம் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு. லிஃப்ட் கிடையாதாம். படிகள் உறுதியாம், கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாராம், அசையவில்லையாம். "சுவர்ப் பக்கமா நடந்தா கீழ எதுவும் தெரியாது, தலை சுத்தாது. அவளைக் கைப்பிடிப் பக்கம் விட்டுட்டு, இவன் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு ஏறச் சொல்லு"ன்னு சொல்கிறார்.