கண்ணைப் பார்த்துப் பேசும் பாடம்

கெபேர்ஹா, தென்னாப்பிரிக்கா

மரியாதைக்குரிய அப்பாவுக்கு, மகள் சிம்கிதா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? அங்கே மழை உண்டா? மாடுகள் எப்படி இருக்கின்றன? நான் நன்றாக இருக்கிறேன்.

கார் இருக்கை செய்யும் இந்த ஆலையில் சம்பளத்தோடு பயிற்சி தருகிறார்கள். காலையில் தையல் இயந்திரம், மதியத்துக்கு மேல் வேலைக்குத் தயார் செய்யும் வகுப்பு. அங்கே பபால்வா டீச்சர் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: "தரையில என்னடி தேடுற? கண்ணப் பாத்துப் பேசு. இல்லேன்னா பொய் சொல்றேன்னு நெனச்சு வேலை குடுக்க மாட்டாங்க."

பெரியவர்கள் முன்னால் கண்ணைத் தாழ்த்தச் சொல்லி நீங்கள் வளர்த்தது அவ்வளவு சீக்கிரம் போகுமா? செவ்வாய்க்கிழமை துணிந்துவிட்டேன். தையல் கோணிவிட்டதென்று மேற்பார்வையாளர் மோண்டே திட்டினார். உங்கள் வயதுக்காரர், நம் பக்கத்து ஆள். நான் கண்ணெடுக்காமல் அவரையே பார்த்தேன்.

"என்ன மொறைக்கிற? உங்கப்பன் இப்படியா வளத்தான்?"

"இல்லீங்கய்யா, இது டீச்சர் வளர்ப்பு."

இயந்திரச் சத்தத்தையும் மீறிச் சிரிப்பு. அவரும் சிரித்துவிட்டார். "நேர்காணல்ல கேள்வி கேக்குறவங்கள நேராப் பாரு. என்கிட்ட தரையப் பாரு" என்றார்.

பயிற்சி முடிந்ததும் அந்த நேர்காணல். பாதிப் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்களாம். அதற்குள் தினமும் ஒரு முகத்தைப் பார்த்துப் பேசிப் பழக வேண்டும். தங்கும் அறையில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

ஆலை பஸ் ஹாரன் அடிக்கிறது. உங்கள் போட்டோ ஒன்று அனுப்புங்கள். எடுக்கும்போது வழக்கம்போல மாட்டைப் பார்க்காதீர்கள், அப்பா. என்னைப் பாருங்கள்.

சிம்கிதா