செவ்வாய்க்கிழமை ஷோவும் வியாழக்கிழமை ஷோவும்

விழுப்புரம்,
6.8.2025

அன்புள்ள ஜெசிந்தாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதுகிறேன்.

போனில் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். கோர்ட் கவுன்சிலிங் மேடத்திடம், "சொல்ல வேண்டியது இருந்தா எழுதி அனுப்பட்டும், அப்பத்தான் குறுக்க பேசமாட்டாரு" என்று வேறு சொல்லிவிட்டாய். பத்தாம் வகுப்பு லீவு லெட்டருக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. போஸ்டாபீசில் கவர் கேட்டால் அந்த கிளார்க் என்னை ஏற இறங்கப் பார்க்கிறான்.

என்ன எழுதுவது என்று மூன்று நாள் யோசித்தும் ஒன்றும் வரவில்லை. அதனால் உன்னுடைய வியாழக்கிழமை ஷோவை, அதுதான் அந்த 'ஓப்பன் ரிங்'கை, முதல் தடவையாக முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். நீ இல்லாத வீட்டில் அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு என்ன தலையெழுத்தோ.

அதற்குப் பேர் மல்யுத்தமா, ஜெசி? சர்க்கஸ்காரர்களைக் கூட்டிவந்து ஜட்டி மாட்டிவிட்டிருக்கிறார்கள். ஒருத்தன் கயிற்றின் மேலிருந்து மூன்று குட்டிக்கரணம் போட்டுக் குதிக்கிறான். கீழே இருப்பவன் நகராமல் அதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறான், டவுன் பஸ்ஸுக்கு நிற்பது போல. கழுத்து உடையும்படி அடி வாங்கியவன் அடுத்த நொடியே எழுந்து ஓடுகிறான். ரெஃப்ரீ எதற்கு இருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. ஹாலில் பாதி நாற்காலி காலி. செவ்வாய் காலை ஐந்தரைக்கு என் 'ஸ்டீல் நைட்'டைப் பார். நாற்பது வருடக் கம்பெனி. எங்கள் சாம்பியன் கிரானைட், பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தாலே எனக்கு டியூட்டிக்குப் போக மனசு வராது.

அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. மிக்ஸி ரிப்பேர். தங்கை இருதயமேரிக்குப் பெண் குழந்தை பிறந்தது உனக்குத் தெரிந்திருக்கும். நீ எப்போது வருகிறாய்?

இப்படிக்கு,
உன் கணவன்
நெடுஞ்செழியன்


திண்டிவனம்,
14.8.2025

அன்புள்ள அவருக்கு,

கடிதம் வந்தது. லேப் அட்ரஸுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். கூட வேலை செய்யும் ரோஜா பிரிக்காத கவரைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரருக்கு எழுதக்கூட வருமா?" என்று கேட்டாள். இரண்டு பக்கமும் படித்துப் பார்த்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கேயும் இல்லை, மிக்ஸி இருக்கிறது.

உங்கள் கிரானைட் நடந்து வரவே பதினோரு நிமிடம். நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். வந்ததும் மைக்கைப் பிடித்துத் தன்னைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசுவார். பிறகு விளம்பரம். அதன் பிறகு சண்டை நாலு நிமிடம், அதுவும் மாமன் மச்சான் இரண்டு பேர் பின்னாலிருந்து ஓடிவந்து எதிராளியை அடித்துப் போட்ட பிறகு இவர் கால் வைத்து ஜெயிப்பார். கட்சி மாநாட்டில்கூட இதைவிட வேலை நடக்கும். பெண்கள் சண்டைக்கு மூன்று நிமிடம் ஒதுக்குகிறார்கள், அப்போது நீங்கள் எழுந்து பல் தேய்க்கப் போய்விடுவீர்கள். என் ஷோவில் லூனா வெக்ஸ் இருபத்தைந்து நிமிடம் சண்டை போடுகிறாள். பாதி நாற்காலி காலியாக இருந்தால் என்ன, உட்கார்ந்திருக்கிற பாதிப் பேர் அவளைப் பார்க்க வந்தவர்கள்.

உங்கள் ஷோவில் எனக்குப் பிடித்தவர் ஒரே ஒருவர். பில்லி பார்ன்ஸ். தோற்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற அந்த வழுக்கைத் தலை. வாராவாரம் வருவார், அடி வாங்குவார், மல்லாந்து படுப்பார், எண்ணி முடிக்கிறவரை அசையமாட்டார். எதிரில் இருப்பவன் பெரிய பலசாலி என்று ஊர் நம்புவது இவர் ஒழுங்காகப் படுப்பதால்தான்.

நான்கு வருடம் உங்கள் வீட்டில் நான் பார்த்த வேலை அதுதான். குழந்தை இல்லையென்று இரண்டு பேருக்கும் டெஸ்ட் எடுத்தோம். என் ரிப்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் என்ன இருந்தது என்பது உங்களுக்கும் தெரியும், லேபில் வேலை செய்கிற எனக்கும் தெரியும். "அம்மாவுக்குத் தெரிய வேணாம் ஜெசி, செத்துடுவாங்க" என்று அழுதீர்கள். சரியென்று படுத்துக்கொண்டேன்.

இருதயமேரி வளைகாப்பில் நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தபோது அத்தை என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? "நீ கொஞ்சம் தள்ளி நின்னுக்கோம்மா, புள்ள பெத்தவங்க போடட்டும்." அறுபது பேர் பார்த்தார்கள். நீங்கள் இரண்டடி தள்ளி நின்று போனில் 'ஸ்டீல் நைட்' ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அன்று சாயங்காலமே ரயில் ஏறினேன். எப்போது வருகிறாய் என்று கேட்கிறீர்கள், வெட்கமாக இல்லையா?

ஜெசிந்தா


விழுப்புரம்,
25.8.2025

அன்புள்ள ஜெசி,

முதலில் ஒன்று. அந்த விஷயத்தை எல்லாம் கடிதத்தில் எழுதாதே. நல்லவேளை, தபால்காரர் வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்க வரும் என்று உனக்குத் தெரியாதா?

பில்லி பார்ன்ஸைப் பற்றி நீ எழுதியது அரைகுறை ரசிகர்கள் பேசுகிற பேச்சு. எல்லோரும் ஜெயிக்க முடியுமா? பெல்ட் ஒன்றுதான். கம்பெனி நிற்க வேண்டும் என்றால் நாலு பேர் விழத்தான் வேண்டும். உன் 'ஓப்பன் ரிங்'கில் யாருக்கும் விழ மனசில்லை, அதனால்தான் அந்த ஷோவுக்குக் கதையே இல்லாமல் போச்சு. போன வியாழன் உன் லூனாவையும் பார்த்தேன். சுமார். கால் பூட்டு மட்டும் நன்றாகப் போடுகிறாள். அதற்காக இருபத்தைந்து நிமிடமா? பாதியில் ஒரு டீ போட்டுக் குடித்தேன், ஆறியும் போச்சு. இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது.

எந்த ஆம்பளையும் அதை ஊரில் சொல்லமாட்டான், ஜெசி. ரயில்வேயில் என்னோடு வேலை செய்கிற தேவநாதன் ஒருத்தனுக்குத் தெரிந்தால் போதும், நான் ஜங்ஷனில் தலைகாட்ட முடியாது. அம்மா பழைய காலத்து மனுஷி, வாய் நீளம், மனசு அப்படி இல்லை. ஒரு தடவை வந்துவிடு. எல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

உன்
நெடுஞ்செழியன்


திண்டிவனம்,
2.9.2025

அன்புள்ள அவருக்கு,

நீங்கள் ஜங்ஷனில் தலைகாட்ட முடியாதென்று கவலைப்படுகிறீர்கள். நான் நான்கு வருடமாகக் கோயிலில், கல்யாண வீட்டில், தண்ணீர்க் குழாயில் தலையைக் காட்டிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு வைத்தியம் சொல்லாத பொம்பளை உங்கள் தெருவில் ஒருத்தி பாக்கி கிடையாது. அப்போது உங்களுக்கு எதுவும் ஆகவில்லை.

கம்பெனி நிற்க நாலு பேர் விழ வேண்டும் என்கிறீர்கள். விழுகிறவருக்கு அங்கே சம்பளம் தருகிறார்கள், மேடைக்குப் பின்னால் கை குலுக்குகிறார்கள். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டுகூட ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லை. உங்கள் ஷோவின் லட்சணமே இவ்வளவு என்றால் உங்கள் லட்சணம் அதைவிட மட்டம்.

இதற்குமேல் இழுக்க எனக்குப் பொறுமை இல்லை. இருதயமேரி குழந்தையின் ஞானஸ்நானம் 28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. வளைகாப்புக்கு வந்த அதே ஆட்கள்தான் வருவார்கள். என்னை ஊர் முன்னால்தான் தள்ளி நிறுத்தினார்கள், ஊர் முன்னால்தான் நீங்கள் சொல்ல வேண்டும். உங்கள் குறையை விவரமாகச் சொல்ல வேண்டாம். "ஜெசிந்தாவுக்கு ஒரு குறையும் இல்லை." அவ்வளவுதான். ஒரே வரி. அதைச் சொன்ன சேதி வந்தால் அடுத்த நாள் காலை பாசஞ்சரில் வந்து இறங்குவேன். எனக்கும் வர ஆசைதான், அதை மறைக்கவில்லை. சொல்லாவிட்டால் அக்டோபர் 15 கோர்ட்டில் விவாகரத்துக் கையெழுத்து.

ஜெசிந்தா


விழுப்புரம்,
29.9.2025

என் அன்பு ஜெசி,

சொல்லிவிட்டேன்!

கோயில் பின்னால் இருக்கிற ஹாலில் முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. அம்மா வழக்கம்போல உன் பேச்சை எடுத்தார். பாட்டு போட்டுக்கொண்டிருந்த பையனிடமிருந்து மைக்கைப் பிடுங்கினேன். தேவநாதன் எலும்பை வாயில் வைத்தபடி என்னையே பார்க்கிறான். பேசி முடித்து உட்கார்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கிரானைட் எல்லாம் என்ன, யாரோ எழுதிக் கொடுத்ததைப் பேசுகிறான். நான் சொந்தமாகப் பேசினேன்.

அம்மா அழுதார். பிறகு என் தலையைத் தடவினார். நீ நினைத்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை பார். மிக்ஸி சரிபண்ணிவிட்டேன். நீ ஏறுகிற ரயிலை மட்டும் எழுது, ஸ்டேஷனில் நிற்கிறேன். இனி வியாழக்கிழமை உன் ஷோதான் ஓடும், நான் வாயே திறக்கமாட்டேன்.

உன்
செழியன்


திண்டிவனம்,
6.10.2025

திரு. நெடுஞ்செழியனுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். நான்கு புடவையும் மடித்து வைத்தேன். இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அன்றைக்கே இருதயமேரி விசேஷ வீடியோவை அனுப்பினாள். குழந்தையைப் பார்க்கத்தான் அனுப்பினாள். நீங்கள் மைக் பிடித்ததும் அதில் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதினீர்கள், தேவநாதன் வாயிலிருந்த எலும்பைக்கூட எழுதினீர்கள், என்ன பேசினீர்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. அதை நான் மூன்று தடவை கேட்டேன். "அவள மட்டும் யாரும் பேசாதீங்க. எங்க ரெண்டு பேருக்குமே கொறை இருக்குது. டாக்டரே சொல்லிட்டாரு."

ரெண்டு பேருக்குமே.

அதற்கு அத்தை சொன்னதும் தெளிவாகக் கேட்கிறது. "எம் புள்ள மனசு யாருக்கு வரும்? பொண்டாட்டிய காப்பாத்த பழிய தன் தலையில இழுத்துப் போட்டுக்கினு நிக்கிறான் பாரு." நாலைந்து பேர் கை தட்டுகிறார்கள். நீங்கள் மறுத்துப் பேசவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். இரண்டாவது தடவை கறி வாங்கியதும் தெரிகிறது.

ஒரு வரி கேட்டேன். அதிலும் பாதியை என் தலையில் வைத்துவிட்டு, மீதிப் பாதிக்குக் கைதட்டல் வாங்கிக்கொண்டீர்கள். இதுவரை உங்களைக் கோழை என்று மட்டும் நினைத்திருந்தேன். குறைவாக நினைத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தோடு அத்தைக்கும் ஒரு பதிவுத் தபால் போட்டிருக்கிறேன். உள்ளே இருப்பது என் ரிப்போர்ட்டின் நகல், என்னுடையது மட்டும். உங்களுடையதை வைக்கவில்லை. அது உங்கள் உடம்பு, உங்கள் சங்கதி, இன்னொருவரை ஊர் முன்னால் கூசவைக்க எனக்கு வராது. இங்கிலீஷில் இருப்பதால் கீழே பெரிய எழுத்தில் 'ஜெசிந்தாவுக்கு ஒரு குறையும் இல்லை' என்று தமிழில் எழுதியிருக்கிறேன், அத்தை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்வார். இருதயமேரிக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிறு வீட்டில் ஜெபக் கூட்டமாம், எல்லோரும் இருக்கும்போது சத்தமாகப் படிக்கிறேன் என்றாள்.

15ஆம் தேதி பத்தரை மணிக்குக் கோர்ட்டுக்கு வருகிறேன். நீங்களும் நேரத்துக்கு வந்து கையெழுத்துப் போடுங்கள்.

ஜெசிந்தா