மறிக்காததும் கேட்காததும்

வாய் ஓயாத என் அண்ணைக்கு,

நீங்கள் போய் இரண்டு மாரி கழிந்துவிட்டது. சண்டிலிப்பாயில் எங்கள் பங்குக் கிணற்றில் இன்றைக்கும் முறைப்படிதான் தண்ணீர் இறைக்கிறார்கள். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் இறைக்கும் மிஷின் படுத்துவிட்டதால் மறுபடியும் ஏறி மிதிக்கும் துலாதான். முறை பிசகினால் பங்காளிகளே கூடிக் கதைத்துத் தீர்க்கிறார்கள். "பாத்தியே, இதுக்குப் பொலிசும் தேவையில்லை, மந்திரியும் தேவையில்லை" என்று நீங்கள் வரம்பில் நின்று சொல்வது இன்னும் கேட்கிறது.

வட்டுக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு எடுத்து முடித்து வந்து, மிளகாய்க்குப் பாத்தி கட்டிக்கொண்டே சுதந்திரவாதம் கதைத்த ஆள் நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும். ஒருவனின் உடம்பும் உழைப்பும் அவனுடையவை, அவன் சம்மதிக்காமல் அவனை ஆள எவருக்கும் உரிமையில்லை என்று சில ஆங்கிலேயர் எப்போதோ எழுதிவிட்டார்கள் என்பீர்கள். அவர்களுக்கும் வெகுகாலம் முன்பே, ஆள்கிறவன் சும்மா இருந்தால் சனம் தானாகச் சீராக வாழும் என்று சீனத்து ஞானிகள் சொன்னார்களாம். மண்ணெண்ணெயைத் தடுத்த கொழும்பையும், ஊரை விட்டுப் போக அனுமதி எடுக்கச் சொன்ன இங்குள்ள இயக்கக்காரரையும் ஒரே வாயால் திட்டினீர்கள். யார் காதிலும் விழுந்துவிடுமோ என்று நான் ஓடிப்போய் வாசற்கதவைச் சாத்துவேன். ஆனாலும் உங்கள் முதல் சிஷ்யை நான்தானே?

"ஆரையும் கேக்கலாம் தங்கச்சி, மறிக்கக் கூடாது." உங்கள் தத்துவம் முழுவதையும் எனக்கு இப்படிச் சுருக்கித் தந்தீர்கள்.

உங்களுக்குக் காய்ச்சல் முற்றிய அன்று, பக்கத்து வீட்டு ரவி மண்ணெண்ணெயில் ஓடும் தன் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். "அக்கா, எஞ்சினை நிப்பாட்டினால் திரும்ப ஸ்டார்ட் பண்ணப் பெற்றோல் ஒரு துளியும் இல்லை. ஏத்துறதோ, விடுறதோ?"

"ஆஸ்பத்திரிக்கு நான் வரேல்லை. இது என்ரை உடம்பு" என்றீர்கள். நான் ரவியைப் போகச் சொன்னேன். மறுநாள் மதியம் நீங்கள் இல்லை. அண்ணன் சொல்லைத் தட்டாதவள் என்று செத்தவீட்டுக்கு வந்தவர்கள் என்னை மெச்சினார்கள். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

இப்போது உங்கள் மருமகள் வதனி கொழும்புக்குப் போய்ப் படிக்கப் போகிறாளாம். என் மகள் என்பதை விட உங்கள் மருமகள் என்பதுதான் அவளுக்குப் பொருத்தம். தரைப்பாதை மூடிக் கிடப்பதால் கிளாலிக் கடலை வள்ளத்தில் கடக்க வேண்டும். அங்கே நேவியின் துப்பாக்கிச் சூடு விழுகிறது, எத்தனையோ பேர் கரை சேரவில்லை. அவளுடைய பையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். உங்களை மறிக்காமல் இழந்தேன், இவளையாவது மறித்து வைத்திருப்போம் என்றுதான்.

அவள் அழவில்லை. "மாமா இருந்தால் என்னை மறிச்சிருப்பாரோ, அம்மா?"

"மாட்டார். ஒருத்தரையும் தன்னை மறிக்கவும் விடமாட்டார். அதாலைதான் இண்டைக்கு அவர் இல்லை."

"நீங்கள் மாமாவைக் கெஞ்சிக் கேட்டனீங்களோ?"

நான் கேட்கவேயில்லை, அண்ணை. நீங்கள் இரண்டு சொன்னீர்கள். மறிக்காதே என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நல்ல சிஷ்யை என்று நீங்கள் மெச்ச வேண்டும் என்ற ஆசை அது. கேட்கலாம் என்றதை மறந்துபோனேன். உங்கள் காலைப் பிடித்து, எனக்காக வாங்கோ என்று ஒரு தடவை கேட்டிருந்தால் வந்திருப்பீர்களோ? எஞ்சின் ஓடிக்கொண்டுதானே இருந்தது.

நாளைக்கு அலுமாரியைத் திறப்பேன். போகாதே பிள்ளை என்று வள்ளத்தடி வரைக்கும் கெஞ்சிக்கொண்டே போவேன். அவள் பையை நானே சுமந்து போவேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்களைக் கேட்காமல் விட்ட
தங்கச்சி